வீட்டுத் தொட்டியில் மான்டிஸ் இறால்: மண்டபம், பாம்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரக் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எடுத்துக்கொண்டாலும் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அதில் ஒருவர் மான்டிஸ் இறால் வாங்கிவிட்டால் மற்ற எல்லாருக்கும் ஆசை வந்துவிடுகிறது, அப்புறம் கேள்விகள் நிற்பதில்லை. என்ன தீனி போடுவது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை இந்தப் பிராணி பட்டினியால் சாவதே இல்லை. பொந்து சரியில்லாமல், தண்ணீர் சூடேறி, இல்லாவிட்டால் ஓடு உரிக்கிற நேரத்தில் யாராவது குடைந்து பார்த்துத்தான் சாகிறது. அதனால் இங்கே தீனியைவிட வீட்டைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

இது இறாலா, நண்டா?

இரண்டும் இல்லை. இறால், நண்டு, சிங்கி எல்லாம் இருக்கிற கிளையிலிருந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன தனிக் கிளை இது. வரிசைக்கு ஸ்டொமட்டோபோடா என்று பெயர், உலகம் முழுக்க 450-க்கு மேல் இனங்கள். முன்னால் இருக்கிற இரண்டு வேட்டைக் கால்களைக் கும்பிடுபூச்சி மடக்குவதுபோல மடக்கி வைத்திருக்கும், பெயர் அதனால் வந்தது.

வளர்ப்பவருக்கு அந்தக் காலின் அமைப்புதான் முக்கியம். நுனி நீண்டு வரிசையாக முள் இருந்தால் அது குத்துகிற வகை. சேற்றிலோ மணலிலோ பொந்து போட்டு, வாசலில் கண்ணை மட்டும் நீட்டிக் காத்திருந்து, போகிற மீனையும் இறாலையும் குத்தி உள்ளே இழுத்துவிடும். கால் மடங்குகிற இடத்தின் அடி தடித்து உருண்டிருந்தால் அது அடிக்கிற வகை. பாறைச் சந்தில் குடியிருந்து நண்டு, நத்தை, சிப்பி ஓடுகளை அடித்து உடைத்துத் தின்னும். வீட்டுத் தொட்டிக்கு இந்த இரண்டாவது வகைதான் சரிப்படும்.

சங்காயத்தில் (விலை போகாத கழிவு மீனில்) உயிரோடு கிடக்கிறதே, அதை எடுத்து வளர்த்தால் என்ன?

இழுவலை விசைப்படகு கரைக்கு வந்ததும் கோழித் தீவனத்துக்குப் போகிற சங்காயக் குவியலில் இவை துடித்துக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அவை அநேகமாகக் குத்துகிற வகை, ஆழத்துச் சேற்றில் வாழ்கிறவை. வலையின் மடியில் மணிக்கணக்காக இழுபட்டு, மேலே இருநூறு கிலோ மீன் அமுக்கி, கால் ஒடிந்து, வயிற்றடியில் இருக்கிற செவுள் நசுங்கித்தான் கரை சேர்கின்றன. பிழைத்துக்கொண்டாலும் அதற்குத் தன் உடல் நீளத்துக்கும் மேலான ஆழத்துக்குச் சேறு கலந்த மணல் வேண்டும், அதை வீட்டில் அழுகாமல் வைத்திருப்பது பெரும்பாடு.

நண்டு வலையில் சிக்கி வருவது இதைவிடப் பரவாயில்லை. அதிலும் வலை நூலை அறுத்து எடுத்திருக்க வேண்டும், பிய்த்து எடுத்தது தேறாது. யாராவது தருவதாகச் சொன்னால் முன்கால் இரண்டும் இருக்கிறதா, வால் தட்டு உடையாமல் இருக்கிறதா, வயிற்றடித் துடுப்புகள் நிற்காமல் அசைகின்றனவா என்று பாருங்கள்.

அப்படியானால் எந்த வகையை வாங்குவது?

எல்லாரும் கேட்பது மயில் நிறத்தில் இருக்கிற அந்தப் பெரியதைத்தான். ஒடொன்டோடாக்டைலஸ் சில்லாரஸ் என்பது அதன் பெயர், 18 செ.மீ. வரை வளரும். பச்சை உடம்பு, சிவப்புக் கால், முன்பக்கத்தில் சிறுத்தைப் புள்ளி, பார்க்கப் பிரமாதம். ஆனால் முதல்முறை வளர்க்கிறவருக்கு அது வேண்டாம் என்பேன். பெரிய தொட்டி கேட்கும், வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, ஓட்டில் நோய் வேறு சீக்கிரம் பிடிக்கும். கோனோடாக்டைலஸ் வகையைச் சேர்ந்த சின்ன அடிப்பான்கள், விரல் நீளத்தில் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று பல நிறத்தில் கிடைக்கும். அவை கெட்டியானவை, கரையோரத்துக் குழிகளில் வெயிலையும் மழையையும் பார்த்துப் பழகியவை. குணத்தில் பெரியதற்குக் கொஞ்சமும் குறையாது, சேட்டை கூடத்தான் இருக்கும்.

நானே தீவுப் பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளலாமா? பவளப் பாறைத் துண்டு ஒன்றும் எடுத்து வரலாமா?

கூடாது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பாறைகளும் 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற காய்ந்த துண்டாக இருந்தாலும், ‘செத்ததுதானே’ என்ற பேச்சு வனத்துறையிடம் எடுபடாது. கடல் அட்டை, கடல் குதிரைக்கும் இதே கதி.

தொட்டிக்குப் பவளப் பாறை தேவையும் இல்லை. கடையில் விற்கிற செராமிக் பாறை, சூளையில் உடைந்த ஓடு, வண்ணம் பூசாத மண்பானைத் துண்டு இவையே போதும். இறாலுக்கு வேண்டியது இருட்டான ஓட்டை, அது எதனால் ஆனது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

தொட்டிக் கண்ணாடியை உடைத்துவிடுமாமே, உண்மையா?

உடைக்க முடியும், ஆனால் அபூர்வம். 1998-ல் இங்கிலாந்தில் கிரேட் யார்மவுத் ஊர்க் காட்சியகத்தில் டைசன் என்று பெயர் வைத்த 4 அங்குல இறால் ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்தது, இன்றுவரை எல்லாரும் சொல்வது அந்தக் கதையைத்தான். மயில் நிற வகையின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது, அதாவது மணிக்கு 80 கி.மீ.க்கு மேல். அவ்வளவு வேகத்தில் கால் பாயும்போது தண்ணீரில் குமிழி உண்டாகி வெடிக்கிறது, அந்த வெடிப்பு இரண்டாவது அடியாக விழுகிறது. அதனால் குறி கொஞ்சம் தவறினாலும் நண்டு மயங்கிவிடும்.

விரல் நீள இறாலுக்குச் சாதாரண 6 மி.மீ. கண்ணாடி தாங்கும். பெரிய வகைக்கு 10 மி.மீ. அல்லது அக்ரிலிக் தொட்டி. பக்கக் கண்ணாடியைவிட அடிக் கண்ணாடிக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் மணலைத் தோண்டித் தோண்டி அடியைத் தொட்டதும் ‘இது என்ன பாறை’ என்று தட்டிப் பார்க்கும். மணல் போடும் முன்பே அடியில் ஒரு அக்ரிலிக் தகடோ பிவிசி பலகையோ பரப்பிவிட்டால் அந்தப் பயம் இல்லை. இதைச் செய்ய ஆகும் செலவு கொஞ்சம்தான், ஏன் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

எவ்வளவு பெரிய தொட்டி?

5 முதல் 7 செ.மீ. இறாலுக்கு 40 லிட்டர் போதும். மயில் நிற வகைக்கு 120 லிட்டருக்குக் குறையக் கூடாது. நீந்தித் திரிகிற பிராணி இல்லை என்பதால் நீளம் பெரிய விஷயம் இல்லை. தண்ணீர் அளவு கூடக் கூட வெயில் காலத்தில் சூடு ஏறுவது மெதுவாகும், கழிவு சேர்வதும் மெதுவாகும், பெரிய தொட்டி கேட்பது அதற்குத்தான். மேலே மூடி கட்டாயம் வேண்டும். வாலை மடக்கி உதறினால் சர்ரென்று மேலே வந்துவிடும்.

பொந்து எப்படி அமைப்பது?

முழு மனதோடு செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். பொந்து பிடிக்காத இறால் சாப்பிடாது, நிறம் மங்கும், ராத்திரி முழுக்கத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும்.

பிவிசி குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய துண்டே போதும், பசையும் வண்ணமும் ஒட்டியிருக்கக் கூடாது. இறால் உள்ளே போய் உடம்பை மடித்துத் திரும்பி அதே வாசல் வழியாகத் தலையை நீட்ட முடிகிற அகலம் வேண்டும், அதற்கு மேல் அகலம் வேண்டாம், தளர்வாக இருந்தால் அதற்கு நிம்மதி வராது. நீளம் உடம்பைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. நேர்க் குழாயைவிட இடையில் ஒரு எல்போ போட்டு வளைத்தால் உள்பக்கம் இருட்டாகும். இரண்டு வாசல் வையுங்கள், ஒன்று முன்கண்ணாடிப் பக்கம், இன்னொன்று பின்னால் பாறையடியில். அதைக் கல்லும் ஓட்டுத் துண்டும் வைத்துத் தானே பாதி அடைத்துக்கொள்ளும்.

குழாயை மணலுக்குள் 10 செ.மீ. புதையுங்கள். மேலே மணல் மட்டும் இருந்தால் போதாது, சிப்பி ஓட்டுத் தூள், பொடிக் கல், உடைந்த நத்தை ஓடு எல்லாம் கலந்து கிடக்க வேண்டும். இது ஒரு கொத்தனார், சாமான் இல்லாவிட்டால் கோபம் வரும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் ஒவ்வொரு கல்லாக இரண்டு கால்களுக்கு நடுவே அணைத்துத் தூக்கி வந்து வாசலில் வைக்கும், பொருந்தாவிட்டால் திருப்பிப் பார்க்கும், அப்படியும் பொருந்தாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு கல்லைத் தேடிப் போகும். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெரிய சிப்பி ஓட்டை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்கப் போகும். காலையில் நீங்கள் போய் அதை எடுத்துவிட்டு ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டாம்.

பாறைகளை மணல் மேல் வைக்காதீர்கள், அடித் தகட்டின் மேல் நேராக உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணல் போடுங்கள். இல்லாவிட்டால் அது கீழே தோண்ட, மேலே இருக்கிற பாறை சரிந்து அதன் மீதே விழும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீரை நேராக மொண்டு ஊற்றினால் போதாதா?

மதுரைக்காரர் உப்புத் தூளைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கிறார், நமக்கு அந்தச் செலவு இல்லை, உண்மைதான். ஆனால் எங்கே, எப்போது மொள்ளுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி இருக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறும். மண்டபத்துக்காரருக்கு இரண்டும் நடந்து போகிற தூரம்தான், அன்றைக்கு எது தெளிந்திருக்கிறதோ அதில் எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாக் நீரிணைப் பக்கம் உப்பு இறங்கிவிடும். வைகையில் வெள்ளம் வந்து ஆற்றங்கரை முகத்துவாரம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். படகுத் துறையில் டீசல் மிதக்கும், ஊர்ச் சாக்கடை கலக்கிற இடமும் ஆகாது.

இன்னொன்று பூங்கோரை. கடல் பச்சையாகக் குழம்பி மீன் செத்து ஒதுங்கும் நாட்களில், 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நடந்ததுபோல, ஒரு வாளிகூட எடுக்காதீர்கள். இதற்காகவே எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் கையிருப்பில் இருக்க வேண்டும்.

எடுத்த தண்ணீரைக் கெட்டித் துணியில் வடிகட்டி, மூடிய கேனில் இருட்டில் ஒரு வாரம் வையுங்கள். மேலாகத் தெளிந்ததை மட்டும் இறக்குங்கள். உப்பு அடர்த்தி 1.023 முதல் 1.026-க்குள் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை எல்லாம் இதற்கு ஆகாது.

ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்டக் கடல்நீர் ஊற்றக் கூடாது, ஏனென்றால் ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் அதற்கு உதவாது, அதில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் ஊருக்கே தெரியும். காவிரிக் குடிநீரில் குளோரின் இருக்கும். ஆர்ஓ தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வதே சுலபம்.

தொட்டி தயாரான அன்றே இறாலை விடலாமா?

நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா உண்டாக அவ்வளவு நாள் பிடிக்கும். ஒரு சமையல் இறால் துண்டைப் போட்டு அழுக விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே குடியேற்றம். அப்புறம் வாரம் ஒருமுறை 10 முதல் 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். கழிவு அதிகம் போடுகிற பிராணி என்பதால் பெரிய தொட்டிக்குக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மர் ஒன்று இருந்தால் நல்லது.

மீனுக்குப் போடுகிற வெள்ளைப்புள்ளி மருந்து பலவற்றில் செம்பு இருக்கும். அது ஓடுள்ள பிராணிகளுக்கு விஷம். பழைய மீன் தொட்டியை விலைக்கு வாங்கினால் அதில் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள், பித்தளை வால்வு எதுவும் தண்ணீரில் படக் கூடாது.

சித்திரை, வைகாசி வெயிலில் என்ன செய்வது? கரண்ட் போனால்?

தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் சுகம், 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. ஓட்டு வீடோ மாடி வீடோ, மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வைக்காதீர்கள். மூடியைக் கம்பி வலையாக மாற்றி, மேலே ஒரு சின்ன ஃபேன் நீர்ப்பரப்பில் படும்படி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடற்காற்று ஈரமாக இருக்கிற நாளில் அந்தப் பலன் குறையும். அப்போது குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மூடியபடியே மிதக்க விடலாம், ஐஸ் கட்டியை நேராகப் போடக் கூடாது.

கரண்ட் போனால் சூட்டைவிட மூச்சுதான் முதல் பிரச்சினை. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்று கடையில் அது கிடைக்காது.

சரி, தீனிக்கு வருவோம். என்னென்ன போடலாம்?

அடிக்கிற வகைக்கு ஓடுள்ளது வேண்டும். சின்ன நண்டு, மட்டி, சிப்பி, நத்தை, ஓட்டோடு இறால். குத்துகிற வகைக்கு இறாலும் சின்ன மீனும். வெறும் உரித்த இறாலை மட்டுமே போட்டாலும் உயிர் வாழும், ஆனால் அடிக்கிற வேலை இல்லாமல் பாறையையும் ஃபில்டர் குழாயையும் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு மட்டியைப் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாசலில் முதலில் வருவது கண்கள், ஒன்று மட்டியைப் பார்க்கும், இன்னொன்று உங்களைப் பார்க்கும். பிறகு மெல்ல வந்து உணர்கொம்பால் ஓட்டைத் தடவும். அப்படியே தூக்கிப் பொந்துச் சுவரில் சாய்த்து வைத்து, எந்த இடத்தில் அடிக்கலாம் என்று திருப்பித் திருப்பி நிறுத்தும். அப்புறம் டக். ஒரு அடியில் விடாது, ஒரே இடத்தில் விழும் அடிகள் அடுத்த அறைக்குக் கேட்கும். விளிம்பு நொறுங்கியதும் உள்ளே இருக்கிற சதையை வாய்க்கால்களால் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிட்டு, காலி ஓட்டை வாசலுக்கு வெளியே தள்ளும். ஓடுகளை நான் பொறுக்குவதில்லை, கதவு வேலைக்கு அதற்கே ஆகும். சதை ஒட்டியிருந்தால் மட்டும் எடுங்கள்.

எங்கிருந்து வாங்கலாம் என்று கேட்டால், காலையில் நாட்டுப்படகு கரையேறும் இடத்தில் நண்டு வலை உதறுகிற அக்காக்களிடம் கேளுங்கள், விலைக்குப் போகாத பொடி நண்டைச் சும்மாவே தருவார்கள். படகின் அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியை மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள். அந்த அடிப் பெயிண்டில் செம்பு கலந்திருக்கும், அதைத் தின்று வளர்ந்த சிப்பி உங்கள் இறாலைக் கொல்லும். துறைமுகத் தூணில் ஒட்டியதும் அதேதான். கடைசித் தட்டில் ஐஸில் நாள்கணக்கில் கிடந்த இறாலும் வேண்டாம். நன்னீர் மீன் குஞ்சுகளை வழக்கமான தீனியாக்காதீர்கள், கடல் பிராணிக்கு அந்தச் சத்து ஒத்துவராது.

உயிர் நண்டு போடுவதாக இருந்தால் இறாலைவிடப் பெரியது ஆகாது, கொடுக்கை ஒடித்துவிட்டுப் போடுங்கள். ஓடு உரித்த புதிதில் இருக்கிற இறாலை நண்டு தின்றுவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கையால் கொடுக்கலாமா?

வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும், குஞ்சுக்குத் தினமும் கொஞ்சம். துண்டு அதன் தலையளவுக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்குள் தின்னாததை வெளியே எடுங்கள், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. தினமும் கேட்கிறதே என்று தினமும் போட்டால் தண்ணீர்தான் கெடும், அது எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

கையால் கொடுக்காதீர்கள். நீளமான பனை ஈர்க்கின் நுனியில் இறால் துண்டைக் குத்தி வாசலில் ஆட்டினால் பாய்ந்து பிடுங்கும். கொஞ்ச நாளில் ஈர்க்கைப் பார்த்ததுமே வெளியே வந்து நிற்கும், குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை.

மீன்பிடித் தடைக்காலத்தில் தீனிக்கு எங்கே போவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆனால் நாட்டுப்படகும் வத்தையும் போகும், ஒரு இறாலுக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடும். பங்குனியிலேயே நல்ல மட்டியும் இறாலும் வாங்கி, ஒரு வேளை அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி. உறைந்ததைத் தொட்டித் தண்ணீரில் கரைய விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துண்டை மட்டும் போடுங்கள்.

வாசலை அடைத்துவிட்டு நாள்கணக்காக வெளியே வரவில்லை. செத்துவிட்டதா?

அநேகமாக ஓடு உரிக்கிறது. வளர்ந்த இறால் சில மாதங்களுக்கு ஒருமுறை உரிக்கும், குஞ்சு அடிக்கடி. அதற்கு முன் நிறம் மங்கும், தீனியைத் தொடாது, கல் சேர்க்கும், பிறகு இரண்டு வாசலையும் அடைத்துவிடும். புது ஓடு கெட்டியாக ஒரு வாரம் வேண்டும், அதுவரை அடிக்காது, அடித்தால் தன் காலே ஒடியும் என்பது அதற்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில் குழாயைத் தூக்கிப் பார்ப்பது, டார்ச் அடிப்பது, ‘பசிக்குமே’ என்று ஓட்டை வழியாகத் தீனியைத் திணிப்பது எதுவும் வேண்டாம். தண்ணீர் மாற்றுவதைக்கூட முடிந்தால் தள்ளிப் போடலாம். சில நாள் கழித்து வாசலில் கண், கால், வால் எல்லாம் இருக்கிற முழு உடம்பு ஒன்று கிடக்கும். பார்த்தால் பகீரென்று இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது, கண்ணின் மேல்மூடிகூடக் கண்ணாடி மாதிரி தெரியும். அது கழற்றிப் போட்ட சட்டை.

ஒடிந்த கால் அடுத்தடுத்த உரிப்பில் திரும்ப முளைக்கும். முட்டையோடு இருக்கிற பெண்ணும் இப்படித்தான் உள்ளேயே அடைந்து கிடக்கும். அழுகிய நாற்றமும் அம்மோனியா ஏற்றமும் இருந்தால் மட்டும் பொந்தைத் திறங்கள்.

ஓட்டில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் புள்ளி வந்து அரிக்கிறதே?

ஓட்டு நோய். மயில் நிற வகையில்தான் அதிகம். அதிக வெளிச்சம், பொந்து ஆழமில்லாதது, தண்ணீர் கெட்டது இவற்றோடு சேர்ந்தே வருகிறது. விளக்கைக் குறைத்துப் பொந்தை நீட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் அடுத்த உரிப்பில் சரியாக வாய்ப்பு உண்டு. பவளத்துக்குப் போடுகிற பிரகாசமான விளக்கு இதற்கு எந்தத் தொட்டியிலும் தேவையில்லை.

கூட வேறு மீன் விடலாமா? ஜோடி விடலாமா?

விடலாம், தீனிச் செலவு மிச்சம். நத்தையும் நண்டும் நிச்சயம் போய்விடும், மேலேயே நீந்துகிற துறுதுறு மீன் சில சமயம் தப்பும். இரண்டு இறால் விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். ஜோடியாகவே வருஷக்கணக்கில் வாழ்கிற குத்து வகைகள் உண்டுதான், ஆனால் அவற்றில் பெரியது 30 செ.மீ.க்கு மேல் போகும், அது வீட்டுச் சமாசாரம் இல்லை.

கையில் அடித்தால் என்ன ஆகும்?

விரல் நீளத்தது அடித்தால் தோல் கிழியும், நகம் கறுக்கும். பெரியது எலும்பு வரை இறங்கும், குத்து வகையின் முள் ஆழமாகக் கிழித்துவிடும், வலை பிரிக்கிற யாரைக் கேட்டாலும் தழும்பைக் காட்டுவார்கள். காயத்தை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கடல்நீர்க் காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் வைக்கும், சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அதன் வாசலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடிவிட்டு வேலை பாருங்கள்.

நான் வாங்கவே இல்லை, ஆனால் என் தொட்டியில் ராத்திரி டக் டக் என்கிறது, மீன் ஒவ்வொன்றாகக் காணவில்லை?

பாறையோடு திருட்டுத்தனமாக வந்திருக்கலாம். சத்தம் மட்டும் என்றால் சொடுக்கு இறாலாகவும் இருக்கலாம், அதனால் பெரிய தீமை இல்லை. உடைந்த நண்டு ஓடு ஏதாவது ஓட்டை வாசலில் குவிந்திருந்தால் மான்டிஸ்தான். ராத்திரி சிவப்பு டார்ச் அடித்து எந்த ஓட்டை என்று கண்டுபிடித்து, அந்தப் பாறையை மட்டும் வெளியே எடுத்து வாளிக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் சாதாச் சோடாவைப் பீய்ச்சுங்கள், தானே குதிக்கும். பன்னீர் சோடா வேண்டாம். குதித்ததைக் கொல்லாதீர்கள், ஒரு சின்னத் தொட்டி போட்டு வைத்துப் பாருங்கள், மீனைவிட அதுதான் பிடித்துப்போகும்.

வெளியூரிலிருந்து வாங்கி எடுத்து வருவது எப்படி?

பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், குத்தி ஓட்டையாக்கிவிடும். மூடியுள்ள கெட்டி டப்பா, பாதித் தண்ணீர், உள்ளே ஒளிய ஒரு குழாய்த் துண்டு. ஒரு டப்பாவுக்கு ஒன்று மட்டும். காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள், பகல் பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வைத்தால் வெந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய டியூபில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கலந்து பிறகு விடுங்கள். முதல் வாரம் சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம்.

நம்மை அடையாளம் தெரியுமா? கண் அவ்வளவு பெரிய அதிசயமா?

கண் அதிசயம்தான். நிறத்துக்கு நமக்கு மூன்று வகை உணர்வணு என்றால் இதற்கு 12 வரை இருக்கிறது, புற ஊதாவும் தெரியும், அதிர்வு வட்டமாகச் சுழலும் முனைவுற்ற ஒளிகூடத் தெரிகிற வகைகள் உண்டு. அதற்காக நம்மைவிட நிறம் நுணுக்கமாகப் பிரிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், 2014-ல் வந்த ஆய்வில் அடுத்தடுத்த நிறங்களை வேறுபடுத்துவதில் நம்மைவிட மந்தம் என்றே தெரிந்தது. தீனி போடுகிறவர் வந்தால் வெளியே வரும், புது ஆள் வந்தால் உள்ளே போகும், இதை வளர்க்கிற எல்லாரும் சொல்வார்கள். பாசமா, பசியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எத்தனை வருஷம் இருக்கும்? வளர்க்க முடியாவிட்டால் கடலில் விட்டுவிடலாமா?

சின்ன வகை நான்கைந்து வருஷம், பெரிய வகை அதற்கும் மேல். கடையில் வாங்கியதை நம் கடலில் விடாதீர்கள். அது எந்தக் கடலில் பிடித்தது, என்ன நோயைச் சுமந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. தொட்டி வைத்திருக்கிற வேறு ஆளிடம் கொடுங்கள், கூடவே அது குடியிருந்த குழாயையும் மணலோடு கொடுத்துவிடுங்கள், புது இடத்தில் சீக்கிரம் சாப்பிட ஆரம்பிக்கும்.